ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட்!

புகை மண்டிக் கிடந்த சாட்டனூகா, குழந்தைகளோடு சுற்றிப்பார்க்க ஏற்ற ஊராக மாறிய கதையும், மூன்று நாள் பயணத் திட்டமும்

அமெரிக்காவிலேயே மிக மோசமான காற்று உள்ள நகரம். 1969-இல் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவுக்குக் கிடைத்த பட்டம் இது. மத்திய அரசின் அறிக்கையை வைத்து சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வால்டர் கிராங்கைட் சொன்னதை நாடே கேட்டது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரும்பு வார்ப்பாலைகள் கக்கிய புகை, சுற்றி நின்ற மலைகளைத் தாண்ட வழியில்லாமல் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். பட்டப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டிய காலம் அது.

அதே ஊருக்குத்தான் இன்று அட்லாண்டாவிலிருந்தும் நாஷ்வில்லிலிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. 2025 ஏப்ரலில் வட அமெரிக்காவின் முதல் ‘தேசியப் பூங்கா நகரம்’ என்ற அங்கீகாரமும் சாட்டனூகாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பட்டத்தைப் பெற்றிருந்த ஊர்கள் இரண்டுதான்: லண்டன், அடிலெய்டு.

2020 கணக்கெடுப்பின்படி சுமார் 1,81,000 பேர் வாழும் நடுத்தர ஊர் இது. அமெரிக்கத் தெற்கில் பிள்ளைகளோடு சுற்றுலா என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஆர்லாண்டோ. அங்கே போய்வந்த பெற்றோருக்கு வெயிலில் நின்ற வரிசைகளும் நினைவிருக்கும், கடன் அட்டைக் கணக்கும் நினைவிருக்கும். சாட்டனூகாவில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இரண்டே இடங்களில் அடங்கிவிடுகின்றன. ஆற்றங்கரையை ஒட்டிய நகர மையம் ஒன்று. அங்கிருந்து காரில் சில நிமிடங்களில் எட்டிவிடும் லுக்அவுட் மலை இன்னொன்று. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு ஒரே ஒரு விதி: ஒரு நாளைக்குப் பணம் கட்டிப் பார்க்கும் பெரிய இடம் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். மற்ற நேரத்தைப் பாலமும் பூங்காவும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும்.

ஊர் கூடிப் போட்ட பட்டியல்

சாட்டனூகா தானாக மாறிவிடவில்லை. 1984-இல் ‘விஷன் 2000’ என்ற பெயரில் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். சுமார் 1,700 பேர் பல வாரங்கள் கூடிப் பேசி, ஊருக்கு என்ன வேண்டும் என்று 40 இலக்குகளை எழுதினார்கள். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் மறைத்து வைத்திருந்த டென்னசி ஆற்றை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஆண்டு வாரியாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 1992-இல் 4.5 கோடி டாலர் செலவில், பெரும்பகுதி தனியார் நன்கொடையில், டென்னசி அக்வேரியம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நகர மையத்தில் மின்சாரத்தில் ஓடும் இலவசப் பேருந்து வந்தது. 1993-இல் இடிபட இருந்த பழைய பாலம் நடப்பவர்களுக்கான பாலமாக மறுபிறவி எடுத்தது. 1995-இல் குழந்தைகள் அருங்காட்சியகம், 1999-இல் ராட்டினத்தோடு ஒரு பூங்கா. 2005-இல் 12 கோடி டாலர் செலவில் ஆற்றங்கரை முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து நடந்து போகும் தூரத்தில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்த நெருக்கத்தின் அருமை புரியும்.

முதல் நாள்: ஒரு மழைத்துளியின் பின்னால்

முதல் நாள் டிக்கெட் அக்வேரியத்துக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணமே நூறு டாலரைத் தாண்டிவிடும். அதனால் அவசரமாகப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவது நஷ்டக் கணக்கு. காலையில் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்குள் நிதானமாகப் பார்க்கலாம்.

இங்கே இரண்டு கட்டடங்கள். முதலில் கட்டப்பட்டது ஆற்றுக்கானது. நகரும் படிக்கட்டில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிவுப் பாதையில் இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். அப்பலாச்சிய மலைக்காட்டில் விழும் மழைத்துளி ஓடையாகி, ஆறாகி, கடைசியில் மெக்சிகோ வளைகுடாவில் சேரும் வழியே கட்டடத்தின் வழியும். மலைக்காட்டில் நீர்நாய்கள், சதுப்பு நிலத்தில் முதலைகள். டென்னசி மாநிலத்தின் நன்னீரில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் உண்டு என்பதால், கடல் இல்லாத ஊரில் அக்வேரியம் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை.

லேக் ஸ்டர்ஜன் என்ற மீனின் முன்னால் பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். டைனோசர் காலத்துக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன் அணைகளாலும் மிதமிஞ்சிய மீன்பிடிப்பாலும் டென்னசி ஆற்றில் இல்லாமலே போயிற்று. அக்வேரியமும் கூட்டாளி அமைப்புகளும் குஞ்சுகளை வளர்த்து, 2000-ஆம் ஆண்டு முதல் மறுபடியும் ஆற்றில் விட்டுவருகின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீந்தும் மீனின் உறவினர்கள் வாசலுக்கு வெளியே ஓடும் ஆற்றிலும் இருக்கிறார்கள் என்று சொன்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கண்களை விரிப்பார்கள்.

2005-இல் திறந்த இரண்டாவது கட்டடம் கடலுக்கானது. பெங்குவின்களும் பட்டாம்பூச்சித் தோட்டமும் இங்கேதான். திருக்கை மீன்களைக் கையால் தொட்டுப் பார்க்கவும் இடம் உண்டு. சுறாக்கள் சுற்றிவரும் தொட்டி மட்டும் 6,18,000 கேலன். ஏறக்குறைய 23 லட்சம் லிட்டர். விளையாட்டுக்கும் இங்கே குறைவில்லை. 2019-இல் ஒரு மின்விலாங்கின் மின்னதிர்வை வைத்துக் கிறிஸ்துமஸ் மர விளக்குகளை மினுக்க வைத்தார்கள். மிகெல் வாட்சன் என்று பெயரிடப்பட்ட அந்த விலாங்குக்கு ட்விட்டர் கணக்கு வேறு இருந்தது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இரண்டு கட்டடங்களையும் ஒரே மூச்சில் பார்க்கும் பொறுமை இருக்காது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மதியத் தூக்கத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்வது நல்லது. தங்கும் விடுதி நகர மையத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். நெடுஞ்சாலையோர விடுதிகள் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் காரை எடுத்து, பார்க்கிங் தேடி, அதற்குக் காசு கொடுத்துக் கணக்குப் பார்த்தால் மிச்சம் அதிகம் இருக்காது.

காசில்லாத மாலை

அக்வேரியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வால்நட் தெருப் பாலம். 1891-இல் திறந்தது, நீளம் 2,376 அடி. 1978-இல் வண்டிகளுக்கு மூடிய பிறகு இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. இப்போது அதில் நடப்பவர்களும் சைக்கிள்களும் ஸ்ட்ரோலர்களும் மட்டுமே. கீழே ஆறு, எதிரே மலை. அக்கரை சேர்ந்தால் கூலிட்ஜ் பூங்கா.

1894-இல் செய்யப்பட்ட டென்ட்செல் ராட்டினம்தான் பூங்காவின் பெருமை. அதில் சுற்றும் 52 விலங்குகளும் கையால் செதுக்கியவை. பக்கத்தில், தரையிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீரூற்று. கோடையில் அதில் நனையாமல் எந்தக் குழந்தையும் திரும்பாது. மாற்று உடை, துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை ஆகியவற்றைக் காலையிலேயே எடுத்து வைக்காதவர்கள் ஈரக் குழந்தையோடு பாலத்தை மறுபடி நடந்து கடக்க வேண்டியிருக்கும்.

மழை பிடித்துக்கொண்டால்? தெற்கின் கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். அக்வேரியத்துக்கு அருகிலேயே இருக்கும் கிரியேட்டிவ் டிஸ்கவரி மியூசியத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். எதையும் தொடாதே என்று சொல்லும் அருங்காட்சியகம் இல்லை அது. தொட்டும் ஏறியும் தண்ணீரை அளைந்தும் பார்ப்பதற்கே கட்டியது. மழை நாளில் அதுதான் அன்றைய டிக்கெட். அக்வேரியம் மறுநாளுக்குப் போகட்டும்.

இரண்டாம் நாள்: மலைக்கு மேலா, மலைக்கு உள்ளேயா?

லுக்அவுட் மலையில் மூன்று ஈர்ப்புகள். மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து ஒரே நாளில் முடித்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மாலை நான்கு மணிக்கு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தெரிந்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். மற்றவர்கள் பிள்ளையின் வயதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

தாத்தா பாட்டியும் கூட வந்திருந்தால் இன்க்ளைன் ரயில். நம் பழனி விஞ்ச்சின் அமெரிக்கச் சகோதரன் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இரண்டு பெட்டிகள் ஒரே கம்பி வடத்தில் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கி, நடுவழியில் விலகிக் கடக்கும். 1895 நவம்பரில் ஓடத் தொடங்கிய இந்த ரயில் ஒரு மைல் தூரம் ஏறுகிறது. உச்சியை நெருங்கும் இடத்தில் சரிவு 72.7 சதவீதம், அதாவது 100 அடி முன்னால் போனால் கிட்டத்தட்ட 73 அடி உயர்கிறது. பராமரிப்புக்காக நிறுத்துவதும் உண்டு என்பதால், ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ராக் சிட்டி. 1932-இல் கார்னெட் கார்ட்டரும் அவர் மனைவி ஃப்ரீடாவும் திறந்த பாறைத் தோட்டம் இது. பாதைகளை வகுத்ததும் செடிகளை நட்டதும் குள்ளர் பொம்மைகளைச் சேர்த்ததும் ஃப்ரீடா. கணவர் வியாபாரி. ‘டாம் தம்ப் கோல்ஃப்’ என்ற பெயரில் மினியேச்சர் கோல்ஃபுக்குக் காப்புரிமை வாங்கி அமெரிக்கா முழுக்கப் பரப்பியவரும் அவரே. மலைக்கு மேல் யாரும் வரவில்லையே என்று யோசித்தவர், கிளார்க் பையர்ஸ் என்ற பெயின்டரை நெடுஞ்சாலைகளுக்கு அனுப்பினார். விவசாயிகளின் களஞ்சியக் கூரைகளுக்கு இலவசமாகப் பெயின்ட் அடித்துத் தருவார். பதிலுக்குக் கூரையில் ராக் சிட்டியின் விளம்பரத்தை எழுதிவிடுவார். 19 மாநிலங்களில் சுமார் 900 களஞ்சியங்கள் இப்படி விளம்பரப் பலகைகளாயின. போகும் வழியில் எஞ்சியிருக்கும் கூரைகளைக் கண்டுபிடிப்பதே காரில் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

ராக் சிட்டியின் நடைபாதை 4,100 அடி. பாறை இடுக்குகள், தொங்கு பாலம், அருவி, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் தேவதைக் கதைக் குகை எல்லாம் அதற்குள் வந்துவிடும். முனையில் நின்றால் ஏழு மாநிலங்கள் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையா என்ற விவாதம் பல காலமாக நடக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்துத் தீர்ப்பை அவர்களிடமே விட்டுவிடலாம். கைக்குழந்தை இருந்தால் ஸ்ட்ரோலரைக் காரிலேயே விட்டுவிட்டு, மாரோடு கட்டும் கேரியரை எடுத்துக்கொள்வது சௌகரியம். இடுக்குகள் அவ்வளவு குறுகல்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ரூபி ஃபால்ஸ். மலைக்கு உள்ளே, 1,120 அடி ஆழத்தில், 145 அடி உயரத்திலிருந்து விழும் அருவி இது. ரயில்வே சுரங்கப்பாதை கட்டியபோது அடைபட்டுப்போன பழைய குகைக்குப் புது வழி தேடி, லியோ லாம்பர்ட் என்பவர் 1928-இல் லிஃப்டுக்காகப் பாறையைக் குடைந்தார். 260 அடி ஆழத்தில் எதிர்பாராத ஒரு துளை தென்பட்டது. உயரம் பதினெட்டு அங்குலம். மனிதர் தவழ்ந்துதான் போக முடியும். போய்த் திரும்ப 17 மணி நேரம் ஆயிற்று. திரும்பியவர் ஓர் அருவியைப் பார்த்த கதையோடு வந்தார். அடுத்த முறை மனைவியை அழைத்துப் போய், அருவிக்கு அவர் பெயரையே வைத்தார். அவர்தான் ரூபி.

உள்ளே வருஷம் முழுக்க ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் முன்பதிவு அவசியம். பாதை குறுகல், தரை ஈரம், ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் இருட்டுக்குப் பயப்படும் சிறுவர்களும் வெளியே இருப்பதே நல்லது.

மூன்றாம் நாள்: ரயில் வராத ரயில் ஊர்

சாட்டனூகா என்ற பெயரை உலகம் அறிந்தது ஒரு பாட்டால். கிளென் மில்லர் இசைக்குழு 1941-இல் பதிவு செய்த ‘சாட்டனூகா சூ சூ’ பத்து லட்சத்துக்கு மேல் விற்று, 1942-இல் உலகின் முதல் தங்க இசைத்தட்டு என்ற மரியாதையைப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், 1971-க்குப் பிறகு அந்த ஊருக்குப் பயணிகள் ரயிலே வருவதில்லை. 1909-இல் திறந்த டெர்மினல் ஸ்டேஷன் 1973-இல் விடுதி வளாகமாக மாறியது. பழைய ரயில் பெட்டிகள் அங்கே தங்கும் அறைகளாகின.

ஓடும் ரயில் வேண்டுமென்றால் 1961-இல் ஆர்வலர்கள் தொடங்கிய டென்னசி வேலி ரயில்ரோடு மியூசியத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளுக்கான டிக்கெட் இதுவே. ‘மிஷனரி ரிட்ஜ் லோக்கல்’ என்ற ரயில் போகவும் திரும்பவும் மொத்தம் ஆறு மைலைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கடக்கிறது. வழியில் நான்கு பாலங்களும், 1858-இல் வெட்டிய சுரங்கப்பாதையும். மறுமுனையில் எல்லோரையும் இறக்கி, இன்ஜினைச் சுழல்மேடையில் ஏற்றித் திருப்பிக் காட்டுவார்கள். ரயில் பைத்தியம் பிடித்த நான்கு வயதுப் பையனுக்கு மொத்தப் பயணத்தில் இதுதான் நினைவில் நிற்கும். எல்லா நாளும் ஓடாது. நீராவி இன்ஜின் எல்லாப் பயணத்திலும் இழுக்காது. கால அட்டவணையைப் பார்த்த பிறகே பயணத் தேதியை முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

காலடியில் வரலாறு

அக்வேரியத்தின் வாசலருகே படிக்கட்டுகளில் தண்ணீர் வழிந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. கோடையில் பிள்ளைகள் அதில் கும்மாளமிடுவார்கள். ‘தி பாஸேஜ்’ என்ற அந்த நீர்ப்படி ஒரு நினைவுச்சின்னம். ஊர் பிறந்தது ராஸ்’ஸ் லேண்டிங் என்ற, செரோக்கி பூர்வகுடிகளின் படகுத்துறையாக. 1838-இல் செரோக்கி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கி மேற்கே துரத்தியபோது, பலர் இந்தத் துறையிலிருந்துதான் அனுப்பப்பட்டார்கள். சுவரில் பதித்திருக்கும் ஏழு பெரிய சுடுமண் வட்டுகள் செரோக்கி கலைஞர்கள் செய்தவை.

வால்நட் தெருப் பாலத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1906-இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து இந்தப் பாலத்தில் தூக்கிலிட்டது. செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் அவர். நோவா பார்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டன் வரை போய் வாதாடி, தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைக்கும்படி செய்திருந்தார். தன் உத்தரவு மீறப்பட்டதற்காக ஷெரிஃப் ஜோசப் ஷிப் உள்ளிட்டோரை உச்ச நீதிமன்றம் தானே விசாரித்து, 1909-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் நடந்த ஒரே குற்ற விசாரணை இது. ஜான்சன் மீதான தீர்ப்பு ரத்தானது 2000-இல். பாலத்தின் தென்முனையில் 2021-இல் நினைவிடம் எழுந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பேசலாம். பள்ளிப் புத்தகம் இரண்டு வரியில் தாண்டிப் போகும் விஷயத்துக்கு இங்கே ஓர் ஆளும் இடமும் இருக்கிறது.

சாப்பாடும் சில சூட்சுமங்களும்

தெற்கத்திச் சமையலில் சைவர்களுக்குச் சோளரொட்டி, பொரித்த வெண்டைக்காய், மக்காச்சோளக் கஞ்சியான கிரிட்ஸ், பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி எல்லாம் கைகொடுக்கும். கீரையையும் பீன்ஸையும் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். பச்சையாகத் தெரிந்தாலும் பன்றி இறைச்சியோடு வேகவைப்பது அங்கே பழைய வழக்கம். 1917 முதல் இந்த ஊரில் தயாராகும் மூன்பை பிஸ்கட்டைப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். மார்ஷ்மெல்லோவில் பொதுவாக ஜெலட்டின் இருக்கும் என்பதால் அட்டையைப் படித்துவிட்டு வாங்கலாம். கோகோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை இந்த ஊர் வழக்கறிஞர்கள் இருவர் 1899-இல் ஒரு டாலருக்குப் பெற்ற கதையைச் சொல்லிச் சாப்பாட்டு மேஜையில் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

விலைப்பட்டியலில் இருக்கும் தொகை கடைசித் தொகை அல்ல. விற்பனை வரி 9.25 சதவீதம் அதன் மேல் ஏறும்.

நாஷ்வில்லிலிருந்து வருபவர்கள் வழியில் நேர மண்டலத்தைக் கடக்கிறார்கள். அங்கே காலை 9 என்றால் சாட்டனூகாவில் 10. ரூபி ஃபால்ஸ் டிக்கெட்டைத் தவறவிட இந்த ஒரு மணி நேரம் போதும். அட்லாண்டாவிலிருந்து வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

டென்னசி சட்டப்படி ஒன்பது வயதுக்குக் கீழும் நான்கடி ஒன்பது அங்குலத்துக்குக் குறைவாகவும் உள்ள பிள்ளைகளுக்குக் காரில் அவர்கள் வயதுக்கேற்ற இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம். இந்தியாவிலிருந்து வரும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும்.

எப்போது போகலாம்? தெற்கில் பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். அதற்குப் பிறகு வார நாட்களில் கூட்டம் குறையும். இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது யோகம். மற்றவர்களுக்கு மலை முழுக்க இலைகள் நிறம் மாறும் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் அழகு. விடுதி வாடகையும் அப்போது ஏறும்.

அட்லாண்டா திரும்புபவர்கள் ஞாயிறு மாலை நெரிசலுக்குள் நேராகப் போய் விழ வேண்டியதில்லை. ஜார்ஜியா எல்லையைத் தாண்டியதும் சிக்கமாகா போர்க்களம் வருகிறது. 1863 செப்டம்பரில் உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய மோதல்களில் ஒன்று நடந்த இடம். 1890-இல் அமெரிக்காவின் முதல் தேசிய ராணுவப் பூங்காவானது. போர்க்களத்தைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் இல்லை. பார்வையாளர் மையத்தில் பிள்ளைகளுக்கு ‘ஜூனியர் ரேஞ்சர்’ புத்தகம் தருவார்கள். பீரங்கிகளையும் நினைவுத் தூண்களையும் தேடிப் பார்த்து, பக்கங்களை நிரப்பிக் கொடுத்தால் சீருடை அணிந்த ரேஞ்சர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு பேட்ஜ் தருவார். மையத்தை மாலையில் மூடிவிடுவார்கள். பேட்ஜ் வேண்டுமென்றால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாட்டனூகாவிலிருந்து கிளம்பியாக வேண்டும்.